இது சும்மா வெளிச்சத்துக்கு

மாடிக்காரியின் முகத்தைவிட அவள் முதுகுதான் எனக்கு அதிகப் பழக்கம். நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். மரம் அறுக்கும் மேசையை மாடிப்படியைப் பார்த்தபடி போட்டிருக்கிறேன். கடையின் மற்ற பக்கமெல்லாம் கண்ணாடியும் பலகையும் சாய்ந்து கிடப்பதால் வேறு வழியில்லை. காலையில் அவள் இறங்கும்போது நான் குனிந்து கடையைக் கூட்டிக்கொண்டிருப்பேன். பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்து படியேறும்போது மேசையில் உட்கார்ந்திருப்பேன். "கடை தெறந்தாச்சா?" என்று ஏறிக்கொண்டே கேட்பாள். "இல்ல, மூடித்தான் இருக்கு" என்பேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வராது. ஆனாலும் அவள் கேட்காமலும் நான் சொல்லாமலும் ஒரு காலை போனதில்லை. எங்கள் பேச்சில் பாதி இப்படி அவள் முதுகோடு பேசியதுதான்.

மேலே அவள் வைத்திருப்பது ஸ்டுடியோ. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற ஸ்டுடியோ இல்லை. பெண்கள் தங்களுக்கென்று, தங்கள் அறைக்குள் மட்டும் வைத்துக்கொள்வதற்கென்று, உள்ளாடையிலோ தோள் நழுவிய ஒரு வெள்ளை அங்கியிலோ கட்டிலோரம் உட்கார்ந்து எடுத்துக்கொள்கிற படங்கள். அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு, பூட்வார் என்று. ஆரம்பத்தில் அதையே பலகையில் எழுதி மாட்டினாள். ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அதை அழித்துவிட்டு 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதியதும், துணி தைக்கக் கொடுக்க ஒரு கூட்டமே படியேறியது. கடைசியில் பலகையையே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். நல்ல பலகை, அதை அறுத்து வேறு படத்துக்குப் பின்னால் அடித்துவிட்டேன்.

பலகை இல்லாவிட்டாலும் தேவைப்படுகிறவர்கள் எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என் கடை வாசலில் நின்று சட்டங்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்கள். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஏறுவார்கள். திருடப் போகிறவர்கள்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதும் உண்டு. பேசட்டும். அவர்கள் வீட்டுக் குடும்பப் படங்களுக்கும் நான்தான் சட்டம் போடுகிறேன். எந்தப் படத்தில் யார் யாரை விட்டுத் தள்ளி நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் கதை பெரிய கதையொன்றும் இல்லை. சின்ன வயதில் ஒரு போட்டோ கடையில் படங்களைக் கழுவி உலர்த்தும் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போனாள். அங்கே வீடியோ எடுக்க வந்தவரைத்தான் கட்டிக்கொண்டாள். ஊர் ஊராக இரண்டு பேரும் மற்றவர்கள் கல்யாணத்தை எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, "என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். "நீ கேமராவுக்குப் பின்னாடி நிக்கறதுதான் அழகு" என்றாராம் அந்த மனுஷர். இது பாராட்டா, வேறு ஏதாவதா என்று பல வருஷம் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் ஒரு நாள் வெளியூர் வேலை என்று கிளம்பி, போன் பேசுவது குறைந்து, குறைந்து, கடைசியில் இல்லாமலே போனபோது பிடிபட்டது. எனக்குக் கேட்டவுடனே பிடிபட்டுவிட்டது. அந்த ஆள் எதிரே வந்தால் கையில் இருக்கும் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தை இல்லை. தங்கை ஒருத்தி தூரத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். சொந்தக்காரர்களிடம், குழந்தைகளைத்தான் அக்கா படம் எடுக்கிறாள் என்று அந்தத் தங்கை சொல்லி வைத்திருக்கிறாள். ஸ்டுடியோவின் முன்னறையில் அகலமான கட்டில், பஞ்சு மெத்தை, வெள்ளை விரிப்பு, பார்த்தால் யாருக்கும் படுக்கத் தோன்றும். அவள் படுப்பது பின்னறையில், மடக்குக் கட்டிலில். முன்னறைக் கட்டிலில் ஒரு மதியம்கூடத் தலை சாய்த்ததில்லை என்றாள். "விரிப்பு கசங்கிரும்" என்று காரணமும் சொன்னாள். என் வீட்டில் கொஞ்சம் தனியாக இருக்க வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட வேண்டும், அப்போதும் யாராவது கதவைத் தட்டுவார்கள். எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமைப்படத் தோன்றிய நாட்கள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறந்து வைத்திருந்தால், மாடியிலிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம்கூடக் கேட்காது. அப்போது அந்தப் பொறாமை போய்விடும்.

அவள் வேலை செய்யும் விதம் தனி. வருகிற பெண்ணிடம் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் சாஞ்சு தூங்குவீங்க?" என்றுதான். தூங்கும் பக்கத்துத் தோள் பழகிப்போய்த் தளர்வாக இருக்குமாம். அதை வெளிச்சத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றதை இருட்டில் விட்டுவிடுவாளாம். இதில் எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் வந்தவள் தன் உடம்பை மறந்து தன் படுக்கையை நினைக்க ஆரம்பிப்பாள் இல்லையா, அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

"அழகா இருக்கீங்க" என்று மட்டும் சொல்லவே மாட்டாள். "சொன்னா உடனே வயித்த உள்ள இழுத்துக்குவாங்க. அப்புறம் மூச்சே விட மாட்டாங்க" என்பாள். அதற்குப் பதில் கைக்கு ஒரு வேலை கொடுப்பாள். அங்கியின் கைப்பட்டனைப் போடு, கழற்று, தலையணை உறையை மாட்டு. அவர்கள் அந்த வேலையில் இருக்கும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு, "இது சும்மா வெளிச்சத்துக்கு. கணக்குல வராது" என்று சொல்லிக்கொண்டே எடுப்பாள். கணக்கில் வராது என்று சொன்னதும் தோள் இறங்கும், கழுத்து நீளும், வாய் ஓரம் இளகும். கடைசியில் எல்லோரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பது அந்தக் கணக்கில் வராத படங்களைத்தான்.

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அறையில் இன்னொரு ஜோடிக் கண் இருந்தால் வந்தவள் திறக்க மாட்டாள் என்பது அவள் கட்சி. ஆனால் விளக்கைச் சரிபார்க்க யாராவது உட்கார வேண்டுமே? அதற்காக ஆள் வருவதற்கு முன்பே அவளே ஒரு வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, கொண்டையைக் கிளிப்பில் தூக்கிக் குத்திக்கொண்டு, அந்தக் கட்டிலோரம் முன்பக்கமாகவும் முதுகைக் காட்டியும் உட்காருவாள். ஒரு பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெரிய விளக்குப் பெட்டி. எதிர்ப்பக்கம் நிழல் நன்றாக விழுவதற்குக் கறுப்புத் துணி. பின்னால் ஒல்லியாக ஒரு விளக்கு, அது தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கோடு இழுக்கும். உள்ளங்கையில் ரிமோட்டை மறைத்துக்கொண்டு அழுத்துவாள். எழுந்துபோய்ப் பார்ப்பாள், விளக்கை நகர்த்துவாள், மறுபடி உட்காருவாள். பார்ப்பதெல்லாம் தோளில் வெளிச்சம் போதுமா, இடுப்பில் நிழல் அதிகமா என்பதைத்தான். துணிக்கடைப் பொம்மையைக்கூட இன்னும் கொஞ்சம் ஆசையாகப் பார்ப்பார்கள். விளக்கு சரியானதும் அந்தப் படங்களையெல்லாம் அழித்துவிட்டு, அங்கியை மாற்றிவிட்டுக் கதவைத் திறப்பாள்.

படங்களை நான் பார்த்ததில்லை. அச்சுப் போட்டதைப் பழுப்புத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைப்பாள். நான் அளவெடுத்து மரமும் கண்ணாடியும் வெட்டிக் கொடுப்பேன். படத்தை உள்ளே வைத்து மூடுவதை அவளே மேலே வைத்துச் செய்துகொள்வாள். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில்கூட நான் அந்தத் தாளின் ஓரத்தைத் தூக்கியதில்லை.

இனி சொல்லப்போவதை எல்லாம் நடந்து முடிந்தபின் அவள் வாயாலேயே கேட்டேன். நடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். நாற்பது தாண்டியவள். கணவனை விட்டுப் பிரிந்து தனியாக ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து மணியை அடித்துவிட்டாள். மாடிக்காரி அப்போது அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து விளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துப் பிடித்து உடை மாற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு படம் போதும்க்கா" என்றாள் வந்தவள். "கட்டிலுக்கு எதிர்ல மாட்டறதுக்கு. வேற யாரும் பாக்க மாட்டாங்க, நான் மட்டும்தான் இருக்கேன்."

"உங்களுக்காகத்தானே எடுக்கறோம். எந்தப் பக்கம் சாஞ்சு தூங்குவீங்க?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "முன்னாடி சுவத்துப் பக்கமா. இப்ப எந்தப் பக்கமும் இல்ல." பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள். "அவருக்கு லைட் எரியக்கூடாதுக்கா. எப்பவும் 'லைட்ட அணை'ம்பாரு. கூச்சம்னு நெனச்சேன். பிரியறப்பதான் சொன்னாரு, கூச்சமில்லையாம்."

மாடிக்காரி விளக்குப் பெட்டியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கத்தில் இழுத்தாள். கிட்டே வர வர வெளிச்சம் மிருதுவாகும்.

"ஒண்ணாவது நல்லா வரணும்க்கா. வரலைன்னா இனிமே என்னை நானே பாக்கற வேலையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். வீட்ல கண்ணாடியக்கூட சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சிருக்கேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் பேச்சு என்று விட்டுவிடலாம். இவள் சொன்ன விதத்தில், மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக்கு வரும் என்று கடையில் சொல்கிற அதே நிதானம் இருந்தது. மாடிக்காரிக்குப் பயமாகிவிட்டது.

அன்று வேலை சுலபமாக நடக்கவில்லை. அந்தப் பெண் தன் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்காகவும் மன்னிப்புக் கேட்டாள். "கை குண்டு, தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "கைகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க பட்டனப் போடுங்க" என்றாள் மாடிக்காரி. பட்டனைப் போடும்போதும் கண் கேமராவையே திருட்டுத்தனமாகப் பார்த்தது. சும்மா வெளிச்சத்துக்கு என்று சொல்லியும் தோள் காதைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடைசியில், "மூஞ்சி வேண்டாம். திரும்பி உக்காருங்க" என்று சொல்லி, கொண்டையைத் தூக்கிக் கிளிப் குத்தி, முதுகைத்தான் நிறைய எடுத்தாள். அதுவும் மரப்பலகை மாதிரி விறைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒன்றிரண்டு தேறும் என்று நினைத்துக்கொண்டாள்.

படம் தேர்ந்தெடுக்க அந்தப் பெண் மறுபடி வந்தாள். அந்தச் சமயத்தில் மாடிக்காரி பக்கத்தில் உட்கார மாட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் வந்தவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, "டீ போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போய்விடுவாள். தங்களைத் தாங்களே பார்க்கும்போது சிலர் அழுவார்கள், சிலர் தனியாகச் சிரிப்பார்கள், அதை அடுத்தவள் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. டீ கொதித்து, வடிகட்டி, இரண்டு கிளாஸோடு வந்தபோது திரை நிறைய ஒரு படம் நின்றது.

கட்டிலோரம் உட்கார்ந்த ஒரு பெண்ணின் முதுகு. அங்கி ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. கழுத்தின் பின்னால் சில முடிகள் கிளிப்பில் அடங்காமல் ஒளியில் நின்றன. தோளில் தொடங்கிய வெளிச்சக் கோடு இடுப்பு வரை வழுக்கிக்கொண்டு போய் இருட்டில் முடிந்தது. முகம் தெரியவில்லை.

"அக்கா, இது" என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்திருந்தது. "இது நான்னு நம்பவே முடியல. பின்னாடி நான் இப்படியா இருக்கேன்?"

மாடிக்காரியின் கண் படத்தின் கீழ் மூலைக்குப் போனது. கட்டில் கால் அருகே, பாதி இருட்டில், தேய்ந்துபோன ஒரு நீல ரப்பர் செருப்பு. வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அது அவளுடைய செருப்பு. முதுகும் அவளுடையது.

நடந்தது இதுதான். அன்று மணியடித்த அவசரத்தில் கடைசியாக எடுத்த ஒன்றை அழிக்க மறந்துவிட்டாள். பிறகு படங்களைப் பிரிக்கும்போது முதுகுப் படங்களை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளினாள், இதையும் சேர்த்து. ஸ்டுடியோவுக்கென்று தைத்த அங்கிகள் எல்லாம் ஒரே மாதிரி. கிளிப்பும் ஒன்று. இருவரும் ஏறக்குறைய ஒரே வாகு, தலைக்கு அடித்திருந்த சாயமும் ஒன்றாகவே இருக்கும். சின்னதாக வரிசையில் பார்த்தபோது அது தன் முதுகு என்று அவளுக்கே தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, தன் முதுகை யார் பார்த்து வைத்திருக்கிறார்கள்?

அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் இல்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அழுதாள். "நேத்துகூட வர வேண்டாம்னுதான் நெனச்சேன்" என்றாள். "இனிமே கண்ணாடியத் திருப்பிருவேன்க்கா." இரண்டு கிளாஸையும் பிடித்துக்கொண்டு நின்ற மாடிக்காரி, "டீ ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று அந்தப் பெண் படியிறங்கி நேராக என் கடைக்குள் நுழைந்தாள். மாடிக்குப் போகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. "பெருசா ஒண்ணு போடணும். நானே சட்டம் பாக்கறேன்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, அகலமான கரிய மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். கல்யாணப் பெண்ணின் முகத்தில்கூட நான் அவ்வளவு தெளிவைப் பார்த்ததில்லை. நான் உடனே மரத்தை அறுத்துச் சட்டத்தை ஒட்டிக் காயவைத்துவிட்டேன்.

மேலே மாடிக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் தான் இருக்கும் ஒரு படத்தை, விளக்குக்காக இல்லாமல், அவள் முதன்முறையாகப் பார்த்தாள். யார் என்று தெரியாமல் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணை அழகு என்றுதான் சொல்லியிருப்பாள். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஒருத்தி மறுபடியும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். சொல்லாவிட்டால், தினமும் கண்விழித்ததும் வேறு ஒருத்தியின் முதுகைப் பார்த்து, தான் என்று நம்பி வாழ்வாள். இரண்டும் அவளால் ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன்க்கா சொல்லணும்? முதுகுல பேரா எழுதியிருக்கு?"

"அவ நெனச்சுக்கிட்டு இருக்கறது அவ இல்லடி."

"அவளுக்குச் சந்தோஷம், உனக்கும் சந்தோஷம். உன் போட்டோ ஒரு வீட்ல மாட்டியிருக்கும், போயேன்."

தங்கை விளையாட்டாகத்தான் சொன்னாள். போனை வைத்தபின் மாடிக்காரி அந்த வார்த்தையை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் படம் எந்த வீட்டுச் சுவரிலும் கிடையாது. தங்கை வீட்டிலும் கிடையாது. ஒரு சுவரில் மாட்டப்படும் வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது, அதுவும் வேறு ஒருத்தியின் பெயரில்.

அந்த நாட்களில் காலையில் அவள் படியேறும்போது, "சட்டம் காஞ்சு நிக்குது, படம் எங்க?" என்று கேட்பேன். "வருது" என்பாள், திரும்பாமல். கடை திறந்தாச்சா என்று கேட்க மறந்துவிட்டாள். எனக்கு உறுத்தியது. ஆனால் வாடிக்கையாளர் விஷயத்தை அவளிடம் கேட்டால் கதவைச் சாத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள் என்பதால் விட்டுவிட்டேன்.

கடைசியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "அந்தப் படம் நீங்க கேக்கற அளவுக்குப் பெருசாக்க முடியாது. இன்னொரு தடவை வாங்க, அதே மாதிரி எடுத்துடலாம்" என்றாள். முழுப் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. மறுபடி எடுத்தும் வராவிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

மருந்துக்கடைக்கு விடுமுறை நாளில் அந்தப் பெண் வந்தாள். வந்தவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அங்கியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள், கொண்டையைத் தானே தூக்கிக் கிளிப் குத்திக்கொண்டாள், கட்டிலோரம் போய் உட்கார்ந்து, "இப்படித்தானே உக்காந்திருந்தேன்?" என்று கேட்டாள்.

மாடிக்காரி கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினாள். "ஆமா. அப்படித்தான்."

கேமராவின் வழியாகப் பார்த்தபோது அவளால் நம்ப முடியவில்லை. அன்று விறைத்துக் கிடந்த அதே முதுகு இன்று தண்டு நிமிர்ந்து, தோள் இறங்கி, தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு சுகமாக இருந்தது. அந்தப் பெண் திரையில் ஒரு முதுகைப் பார்த்தாள், அது தன்னுடையது என்று நம்பினாள், நம்பியபடியே இத்தனை நாள் கடைக்குப் போய் வந்து, நடந்து, உட்கார்ந்து, அதைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டுவிட்டாள். விளக்கு செய்யாததை ஒரு தவறு செய்திருந்தது. மாடிக்காரி மளமளவென்று எடுத்தாள். சும்மா வெளிச்சத்துக்கு என்று ஒரு தடவைகூடச் சொல்லத் தேவைப்படவில்லை.

இந்தத் தடவை அவள் டீ போடப் போகவில்லை. புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பழையதை மறைத்து வைத்திருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்திருக்கும்போது, அது யார் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வைத்திருந்தாள். இப்போது சொன்னால் அந்தப் பெண் தாங்குவாள்.

அந்தப் பெண் இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

"இது நல்லா இருக்குக்கா" என்று புதியதைத் தொட்டாள். "இதுல தைரியமா இருக்கேன்." பிறகு பழையதைப் பார்த்தாள். "அன்னைக்கு இத எப்படிப் புடிச்சுதுன்னே தெரியல. இப்ப பாத்தா பாவமா இருக்கு. யாராவது வந்து கூப்பிட மாட்டாங்களான்னு உக்காந்திருக்கற மாதிரி இருக்கேன். அப்ப நான் ரொம்பத் தனியா இருந்தேன், இல்லக்கா?"

மாடிக்காரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இத அழிச்சிருங்க. இனிமே நான் இப்படி இல்ல" என்றாள் அந்தப் பெண்.

"சரிம்மா" என்றாள் மாடிக்காரி.

புதுப் படம் பழுப்புத் தாளில் கவிழ்ந்து என் கடைக்கு வந்தது, கரிய மரச் சட்டத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் அதைத் துணியில் சுற்றி, யார் உதவிக்கு வந்தும் கொடுக்காமல், தானே இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துபோனாள். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மதியம், வெயில் மேசை வரை வந்திருந்த நேரத்தில், மாடிக்காரி இறங்கி வந்தாள். கையில் சின்னதாக ஒரு பழுப்புத் தாள். நான் அளவு டேப்பை எடுத்தேன். வழக்கம்போலக் கவிழ்த்து வைப்பாள் என்று பார்த்தால், தாளைப் பிரித்துப் படத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"யாருன்னு தெரியுதா?" என்றாள்.

அவள் என்னிடம் ஒரு படத்தைக் காட்டுவது அதுதான் முதல் தடவை. அதனால் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், பிறகு படத்தை. பார்க்க என்ன இருக்கிறது? இடது தோள் ஒரு பொட்டு இறங்கியிருக்கும், பால் பை தூக்குகிற தோள். கழுத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துத்தான் வைப்பாள். பின்கழுத்தில் எந்தக் கிளிப்புக்கும் அடங்காத அந்த நாலு முடி.

"என்ன கேள்வி இது? நீதான்."

"எப்படித் தெரிஞ்சுது? மூஞ்சி இல்லையே."

"மூஞ்சி எதுக்கு? காலைல காலைல இதோடதானே பேசறேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த மரத்தூளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "இவளப் பாத்தா ரொம்பத் தனியா இருக்கற மாதிரி தெரியுதா?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என் வீட்டில் எல்லோரும் சொல்கிற குறை அது. இல்லவே இல்லை, எவ்வளவு அழகாக இருக்கிறாய் என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்.

"ஆமா, தெரியுது" என்றேன். "அழகாவும் இருக்கா, தனியாவும் இருக்கா."

அவள் தலையாட்டினாள். அழுவாளோ என்று நினைத்தேன், அழவில்லை. மருந்துக்கடைப் பெண் மணியடித்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் ஒருவர் வந்து கண்ணாடி கேட்டார், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரே வேலையைச் செய்யலாம் என்று எழுந்து, சுவரில் சாய்த்திருந்த மரங்களில் நல்லதாகத் தேட ஆரம்பித்தேன்.

"எந்த மரத்துல போடட்டும்? தேக்குல ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன்."

"சட்டம் வேண்டாம்" என்றாள். "நீ பாக்கணும்னுதான் கொண்டு வந்தேன்."

படத்தைப் பழுப்புத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் தேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.